தட்டைப் பிடித்தவள்

ஜனவரி 1, வியாழன்

நேற்று இரவு வருஷப் பிறப்பு ஆராதனைக்கு வந்தவர்கள்: உபதேசியார் வேதமணி, அவர் மனைவி, கைக்குழந்தை. ரைஸ்மில் தவசிமணி வீட்டில் ஐந்து பேர். லில்லி புஷ்பமும் இரண்டு மகள்களும். டிரைவர் ஞானதுரை, மனைவி, மாமியார். திருப்பூரிலிருந்து லீவில் வந்த பையன்கள் நான்கு பேர். கதவருகே செல்போனோடு நின்றார்கள், உள்ளே வந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். மனோரஞ்சிதம், தனியாக. நானும் என் வீட்டுக்காரரும். மணியடிக்கும் கோவில்பிள்ளை ஆபேல். ஆக இருபத்திரண்டு. உபதேசியார் ரிஜிஸ்டரில் முப்பது என்று எழுதியிருக்கிறார். கேட்டால், "தேவதூதர்களையும் சேத்துக்கிட்டேம்மா" என்கிறார்.

காபிக்குச் சீனி ஒரு கிலோ போய்விட்டது. தேவதூதர்கள் காபி குடித்ததாகத் தெரியவில்லை. தவசிமணி வீட்டார் ஆளுக்கு இரண்டு டம்ளர்.

ஜெபம் முடிந்து வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கொண்டுபோனபோது திருப்பூர்ப் பையன்களில் ஒருவன், "ஆன்ட்டி, இது லக்கி டிராவா?" என்றான். அந்த நேரத்தில் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. லக்கி டிரா இல்லை தம்பி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம், எல்லாம் கவிழ்த்து வைத்திருக்கும், உன் கைக்கு எது வருகிறதோ அதுதான் இந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் உனக்குச் சொல்லும் வார்த்தை என்றேன். அவன் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேற மாத்தலாமா?" என்றான்.

அட்டை வெட்டுவது, வசனம் எழுதுவது, தட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போவது எல்லாம் பல வருஷமாக என் தலையில்தான். ரஞ்சிதத்துக்கு, சாகாமல் பிழைத்திருப்பதைப் பற்றிய வசனம் வந்தது. மேலே நீண்டிருந்ததை எடுத்தாள். வாசித்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நல்லது.

எனக்குத் தட்டில் கடைசியாக மீந்தது பொறுமை. அதை எழுதும்போதே யார் தலையில் விழப்போகிறதோ என்று நினைத்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

நம் சபையில் ஆர்கன் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. ரஞ்சிதம்தான் பாட்டை எடுத்துக்கொடுப்பாள், நாங்கள் பின்னால் போவோம். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த காலம் முதல் இப்படித்தான். அவள் எடுக்கும் சுருதிக்கு ஏணி வைத்தாலும் எட்டாது. மூன்றாவது சரணத்துக்கு மேல் மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்போம். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் கிணற்றில் வாளி இறக்குவது போல இறக்கிக்கொண்டே போவாள். இன்று முதல் பாட்டு முடிவதற்குள் தவசிமணியின் பேத்தி ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டாள். ரஞ்சிதத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வீட்டில் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

பிரசங்கத்துக்கு முன் சாட்சி சொல்ல எழுந்தாள். கழுத்துக் கட்டி சேலையை மீறித் தெரிகிறது. "டாக்டர் ஆப்பரேசன்னு சொன்னாவ. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல. வருசப் பிறப்பன்னைக்கு ஆண்டவர் எங்கூட நேரடியாப் பேசிட்டார். பிழைச்சிருப்பேன்னு அவரே சொன்ன பெறவு கத்தி எதுக்கு? எனக்கு இனி ஆஸ்பத்திரி கிடையாது" என்றாள்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு இருமல் வந்துவிட்டது.

ஜனவரி 5, திங்கள்

நேற்று முழுவதும் மனம் சரியில்லை. டிசம்பரில் அவளோடு டாக்டரிடம் போனவள் நான். உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். நான் வெளியே இரண்டு ஜோடிச் செருப்புக்குக் காவல். வெளியே வந்து அவளே சொன்னாள்: கெட்ட கட்டி இல்லை, ஆனால் மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டு வளர்கிறது, எடுத்தாக வேண்டும், விட்டால் ஒரு நாள் மூச்சை அடைத்துவிடும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். நடத்துனர் டிக்கெட் கேட்கவே பயந்துபோய் நின்றார்.

அப்படி அழுதவளுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தைரியம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்றுதான் நினைப்பார்கள். இவள் தைரியத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பாமாயில் தீர்ந்தது. கோவில் மேஜை விரிப்பு இரண்டு துவைத்தேன். மெழுகுக் கறை போகவில்லை.

ஜனவரி 7, புதன்

ரஞ்சிதம் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டோ ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு நேர் மேலே சுவரில் அந்த அட்டை. சும்மா ஒட்டவில்லை, பஜாருக்குப் போய் லேமினேட் போட்டு வந்து ஒட்டியிருக்கிறாள். என் கையெழுத்து பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து என்னையே பார்க்கிறது.

"ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்தாவளே, என்ன செய்யப் போறே?" என்றேன்.

"ஏட்டி எப்சி, கண்ணு தெரியலையா ஒனக்கு? மேல பாரு."

"பாத்தேன். வசனம் ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு சொல்லலையே."

"போன்னும் சொல்லலையே."

"பிழைச்சிருக்கதுக்குத்தான டாக்டரே இருக்காவ?"

"நீ சபைச் செயலாளரா, டாக்டர் வீட்டு ஏஜென்டா?" என்று சொல்லிவிட்டு மெஷினை வேகமாக ஓட்டினாள். பேச்சை முடிக்க வேண்டுமானால் அவளுக்கு அந்த மெஷின் போதும். கொஞ்ச நேரம் நூல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிதிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது. விசில் மாதிரி ஒரு சத்தம். அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாளா தெரியவில்லை.

திருப்பூரில் இருக்கும் அவள் மகன் ஜெபசிங்குக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு விசுவாசம் ஜாஸ்தி அத்தை, நாம என்ன செய்ய முடியும்" என்றான். விசுவாசம் ஜாஸ்தி என்றால் லீவு போட வேண்டியதில்லை.

ஜனவரி 8, வியாழன்

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்து பாத்திரம் தேய்த்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனைக்குப் பதினெட்டுப் பேர். உபதேசியார் கணக்கில் இருபத்தைந்து. நான் ஒன்றும் கேட்கவில்லை.

லில்லி புஷ்பம் காபி வாங்க வந்தவள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "எப்சிக்கா, ஒங்க கையால எழுதுன அட்டையில ஒரு வல்லமை இருக்குன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ. என் மூத்தவ பேங்க் பரிட்சை எழுதுதா. பாஸாவுற மாதிரி ஒரு வசனம் எழுதித் தாங்களேன். சின்னதா இருந்தாலும் போதும், ஹால் டிக்கெட் கூட வச்சிக்கிடுவா."

"படிக்கச் சொல்லு" என்றேன்.

"அது அவ பாட்டுக்குப் படிக்கா. இது ஒரு பாதுகாப்புக்கு."

தலைவலி என்று சொல்லிவிட்டு உபதேசியாரிடம் போனேன். ரஞ்சிதத்துக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆப்பரேஷனுக்குப் போகச் சொல்லுங்கள், உங்கள் சொல்லைக் கேட்பாள் என்றேன்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஒருத்தருடைய விசுவாசத்துல நாம கை வைக்கக் கூடாது எப்சிம்மா" என்றார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீதான ஆண்டவரை நம்பவிடாமப் பண்ணுனேன்னு சொல்லுவாங்க. அதோட வசனமே வந்திருக்கே."

"வசனம் எப்படி வந்ததுன்னு..." என்று ஆரம்பித்தேன். குழந்தை அழுதது. வந்துவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. தூக்குப்பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று முறுக்கு போட்டுக் கொடுத்தேன். மாவில் உப்பு மறந்துவிட்டேன். இந்த மாதம் இது இரண்டாம் தடவை.

சுற்றி வளைத்து என்ன பயன். எழுதிவிடுகிறேன். அந்த அட்டை தானாக வரவில்லை. மற்ற அட்டைகளை வேண்டுமென்றே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் மேலே நீட்டி வைத்து, அவள் முன்னால் தட்டை நீட்டினேன். அவள் இடது பக்கம் ஒன்றைத் தொட்டாள், வரவில்லை. வரவிடவில்லை. பிறகு நீண்டிருந்ததை எடுத்தாள்.

நல்ல எண்ணம்தான். வசனமும் பொய் இல்லை. இரண்டும் உண்மை, சேர்த்தால் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் நான் இடம் கொடுக்கவில்லையே.

ஜனவரி 16, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அவசரப்பட்டுக் கேட்கிற ஆள் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எப்சி, இந்த ஊருல முப்பது வருசம் வீடு வீடாத் தபால் குடுத்தேன். பையன் கடுதாசி வரலையான்னு எத்தனை தாய்மாரு வாசல்ல நின்னு கேப்பாவ தெரியுமா? பரிதாபமா இருக்கும். ஆனா நானா உக்காந்து ஒண்ணு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தது கிடையாது."

"அவ அழுதாளே, நான் என்ன செய்ய?"

"நீ எழுதியிருந்தா, நீ எழுதுனதுன்னு சொல்லிக் குடுத்திருக்கணும். ஆண்டவரு பேரைப் போட்டுல்லா குடுத்துட்டே."

பிறகு பேப்பரை விரித்துக்கொண்டார். மத்தியானம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன். எப்படிப் போயிற்று என்பதை ஒழுங்காக எழுத வேண்டும், ஏனென்றால் எதுவும் நான் நினைத்த மாதிரிப் போகவில்லை.

போகும்போதே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ரஞ்சிதம், கோபப்படாதே, உன் விசுவாசத்துக்கு ஒன்றும் குறை இல்லை, குறை என் கையில் என்று ஆரம்பிப்பதாக எண்ணம். அவள் மெஷினை நிறுத்தாமலே, "என்ன, மூஞ்சி முறுக்குன துணி மாதிரி இருக்கு?" என்றாள். எல்லாம் மறந்துவிட்டது.

"அந்த அட்டை ஆண்டவர் குடுத்ததில்ல. நான் நீட்டி வச்சேன்" என்றேன்.

அவள் காலை மட்டும் மெஷினிலிருந்து எடுத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு. ஒங் கட்டைவெரல் கல்லு மாதிரி அட்டை மேல நிக்கி. நான் ஒண்ணை உருவுதேன், வரல. எப்சி எனக்குன்னு என்னத்தையோ வச்சிருக்கா, என்னன்னு பாப்பமேன்னு எடுத்தேன்."

உட்காரலாம் என்று பார்த்தேன். நாற்காலியில் வெட்டின துணி கிடந்தது. நின்றுகொண்டே, "பின்ன எதுக்கு சாட்சி சொன்னே? எதுக்கு லேமினேட் போட்டே?" என்றேன்.

"அதைக் காட்டுனா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாவ. மகன் கேக்க மாட்டான், உபதேசியார் கேக்க மாட்டார். நீ ஒருத்திதான் வந்து வந்து நிக்கே."

"சாவுக்குப் பயந்து பஸ்ஸு முழுக்க அழுதியே."

"சாவுக்கு யாருட்டி பயந்தா?" என்றாள். கத்திரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். "டாக்டர் படம் போட்டுக் காட்டுனாவ. கட்டிக்குப் பின்னால நூல் மாதிரி நரம்பு ஓடுது. அதுலதான் குரல் இருக்காம். பத்திரமாத்தான் எடுப்போம், ஆனா சில பேருக்குக் குரல் கம்மிப்போவும், மேல் சுருதி வராதுன்னுட்டாவ. நீ வெளிய உக்காந்திருந்தே, ஒனக்கு எப்படித் தெரியும்? நீ பாட்டுக்கு சாகாம இருக்க வசனம் எழுதுதே. அதை யாரு கேட்டா?"

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சொன்னேன். "குரல் போனா என்ன? உயிர் இருக்குமே."

ரஞ்சிதம் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தாள். "நீ கூட்டுவே, காபி போடுவே, விரிப்பு தொவைப்பே, கணக்கு எழுதுவே. ஒனக்குப் பத்து வேலை இருக்கு அந்தக் கோவில்ல. எனக்கு ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் அங்க எந்தப் பெஞ்சுல போய் உக்கார?"

"எம் பக்கத்துல உக்காரு."

"ஒம் பக்கத்துலயா? நான் பாடுனா முன் பெஞ்சுல இருந்துக்கிட்டு மணி பாக்கவ நீ. போ எப்சி. ஜாக்கெட்டு சாயங்காலம் குடுக்கணும்."

வந்துவிட்டேன். மணி பார்ப்பது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஜனவரி 20, செவ்வாய்

துவரம்பருப்பு இரண்டு கிலோ. வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ரஞ்சிதம் என்னோடு பேசவில்லை. பாட்டை எடுத்துக்கொடுத்தாள். வழக்கத்தைவிட மெதுவாக. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுக்கிறாள். இத்தனை வருஷம் அவள் பாட்டை இழுக்கிறாள் என்று நினைத்தேன். எத்தனை நாளாக அது மூச்சுக்காக என்று தெரியவில்லை.

மணி பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து உபதேசியாரிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். ரஞ்சிதத்தின் குரல் விஷயத்தைச் சொல்லவில்லை, அது என்னுடையது இல்லை. அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார், மூடினார். சின்ன வயது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கடைசியில், "அடுத்த வருஷம் தட்டை லில்லி புஷ்பம் அக்கா பிடிக்கட்டும்" என்றார்.

"சரி" என்றேன்.

"காபி?" என்றார், கொஞ்சம் பயந்துபோய்.

தட்டை வாங்கிக்கொண்டார்கள். காபி அண்டாவை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது. பக்கத்து ஊர்ச் சபைக்குப் போனால் யாரோ பெஞ்சைத் துடைத்து வைத்திருப்பார்கள், யாரோ காபி கொடுப்பார்கள், வாங்கிக் குடித்துவிட்டு வரலாம். அப்புறம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தேன். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நற்கருணை ஞாயிறு. மாதத்துக்கு ஒரு தடவை சேகரத்துப் பெரிய கோவிலிலிருந்து பாதிரி ஐயர் வருவார், அதனால் இருபத்தேழு பேர். தேவதூதர்கள் இல்லாமல்.

அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது பாட்டு நிற்காமல் ஓட வேண்டும். ரஞ்சிதம் எடுத்தாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதில் பாதி அடியில் குரல் நின்றுவிட்டது. கம்மவில்லை, உடையவில்லை, குழாயில் தண்ணீர் நிற்பது போல நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, கை பெஞ்சைப் பிடித்திருக்கிறது, சத்தம் இல்லை.

ஐயர் கையில் அப்பத்தோடு நிற்கிறார். உபதேசியார் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார். முழங்காலில் இருந்தவர்கள் எழுவதா வேண்டாமா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். யாராவது எடுப்பார்கள் என்று நானும் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் அவள் பின்னாலேயே போய்ப் பழகிவிட்டோம், ஒருவருக்கும் ஆரம்பிக்கத் தெரியாது.

நான் எடுத்தேன்.

எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. தவசிமணி ஐயா தரையில் போகும் குரலில் சேர்ந்துகொண்டார். லில்லி புஷ்பம் எனக்கு மேலே ஒரு மாடியில் போனாள். டிரைவர் ஞானதுரை, இந்த மெட்டு தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு வேறு ஒன்றைப் பாடினார். கடைசிச் சரணத்துக்கு வந்தபோது நாங்கள் வேறு பாட்டுக்கே போய்விட்டோம் என்று நினைக்கிறேன். ஆனால் நிறுத்தவில்லை. எல்லாரும் வாங்கி முடிக்கும் வரைக்கும் பாடினோம். ஐயர் வேகமாகக் கொடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் ரஞ்சிதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குனிந்திருக்கிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

காபி ஊற்றும்போது பின்கட்டுக்கு வந்தாள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"ஏட்டி, அது என்ன பாட்டு?"

அழவில்லை. சிரித்திருக்கிறாள்.

"நீ நிறுத்துனே, நான் எடுத்தேன்" என்றேன்.

"எடுத்தியா? கீழ போட்டுல்லா ஒடைச்சே. ஐயர் அடுத்த மாசம் வருவாரான்னு பாரு." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். சிரிப்பிலும் அந்த விசில் சத்தம். பிறகு டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"மூச்சே வரல எப்சி. தொண்டைக்குள்ள யாரோ கைய வச்ச மாதிரி இருந்துது. வெட்டுனா குரல் போவுமோன்னு பயந்து கெடந்தேன். வெட்டாட்டியும் போயிக்கிட்டுதான் இருக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இந்தத் தடவை தெரிந்தது.

"எனக்கப்பறம் நீதான் எடுத்துக்குடுப்பேன்னா இந்தச் சபை தாங்காது. எப்பப் போலாம்?"

"நாளைக்கே போன் பண்ணுதேன்."

"மருமவ வேண்டாம். அவ செல்லுல சீரியல் பாப்பா. நீ வா. ஆனா தலைமாட்டுல உக்காந்து கண்ணீர் விடக் கூடாது. வசனம் ஒண்ணும் எடுத்துட்டு வரக் கூடாது."

"சரி."

"காபியில சீனியே இல்ல" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

திருநெல்வேலி. காலை பஸ்ஸில் வந்தோம். கொண்டுவந்தவை: சேலை அவளுக்கு நான்கு, எனக்கு மூன்று, பெட்ஷீட் இரண்டு, பிளாஸ்க், தூக்குவாளி, சோப்பு, அவள் ரிப்போர்ட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில். பெண்கள் வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். எனக்குக் கட்டிலுக்கு அடியில் பாய்.

வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கத் தெரியும் என்று இன்றுதான் போனில் சொல்கிறார். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ.

நாளை காலை ஆப்பரேஷன். நர்ஸ் வந்து கையெழுத்துக் கேட்டாள். கூட இருப்பவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். அக்கா இல்லை, தங்கை இல்லை, ஒன்றுவிட்டதும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். "சபைன்னு போடு" என்றாள் ரஞ்சிதம். போட்டேன். நர்ஸ் அடித்துவிட்டு "சகோதரி" என்று எழுதிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்தாள். பிடித்துவிட்டு, "வசனம் சொல்லாத" என்றாள். சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்கு அப்புறம் ஜெபம் பண்ணினேன். ரொம்ப நீளம் இல்லை. ஆண்டவரே, இந்தத் தடவை நான் எதையும் தொடவில்லை, கை ரெண்டும் மடியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்றேன். அதற்கு மேல் சொன்னால் யோசனை சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தார்கள். கட்டி முழுதும் எடுத்தாகிவிட்டது, மூச்சுக்குழாய்க்கு ஒன்றும் இல்லை என்றார்கள். "குரல்?" என்று கேட்டேன். "நரம்பைப் பாத்து ஒதுக்கித்தான் எடுத்திருக்கோம். இனி அவங்க பேசினாத்தான் தெரியும்."

பிப்ரவரி 11, புதன்

பேசவில்லை.

டாக்டரம்மா காலையில் வந்து, "பேர் சொல்லுங்க" என்றார்கள். ரஞ்சிதம் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையைக் கையால் காட்டினாள். "எழுதியிருக்கிறது தெரியும்மா, நீங்க சொல்லுங்க." கண்ணை மூடிக்கொண்டாள். வலி இருக்கும், நாளைக்குப் பேசுவார்கள் என்று போய்விட்டார்கள்.

மத்தியானம் ரவாக் கஞ்சி நன்றாகக் குடித்தாள். வலி என்று முகத்தில் தெரியவில்லை. மூச்சில் விசில் இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் அவள் தூங்குவது வேறு யாரோ தூங்குவது போல் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைத் தட்டுகிறாள். ஃபேன் வேண்டுமானால் விரலைச் சுற்றுகிறாள். வலது பக்கக் கட்டில்காரி நான் ஊமை அக்காளைக் கூட்டி வந்திருப்பதாக நினைத்து, "பொறவியிலேயே இப்படியா?" என்று என்னிடம் கேட்டாள். ரஞ்சிதம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "பேசினாத்தான் மேல என்ன செய்யணும்னு பாக்க முடியும். வாயைத் திறக்காம வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்று என்னைத் திட்டுகிறார்கள், நான் பூட்டி வைத்த மாதிரி.

சாயங்காலம் நானும் திட்டினேன். மூன்று நாளாகப் பாயில் படுத்து முதுகு போயிற்று, வீட்டில் அவர் தினம் ரசமே சாப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை யார் பாட்டு எடுப்பார்கள் என்று உபதேசியார் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், நீ மெத்தையில் ராணி மாதிரி விரலைச் சுற்றுகிறாய் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கழுத்துக் கட்டுக்கு மேலே காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்காத வரைக்கும் குரல் இருக்கிறது. திறந்தால்தான் இல்லாமல் போக முடியும்.

அவள் இடத்தில் நான் இருந்தாலும் திறக்க மாட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் இயேசுவே, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. தூக்குவாளியைக் கழுவினேன்.

இன்று கான்டீனில் ஆவி பறக்க இட்லி இருக்கிறது, அரிசிக் கஞ்சியும் இருக்கிறது. இரண்டும் சாப்பிடலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். எது வேண்டும் என்று ரஞ்சிதத்திடம் கேட்டேன். இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு இட்லியா, இரண்டாவதாகச் சொன்ன கஞ்சியா என்று கேட்டேன். கையை ஆட்டினாள். அது இரண்டும் இல்லையா, இரண்டுமா, நான் போய்த் தொலைய வேண்டுமா, எதுவும் விளங்கவில்லை.

இனி கையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். அவளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் விளிம்பில் இந்த நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தூக்குவாளி முழங்கையில் தொங்குகிறது. பின்னால் டம்ளரைத் தட்டுகிறாள். நான் திரும்பவில்லை. கட்டிலைத் தட்டுகிறாள். திரும்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, "யக்கா, அவிய ஒங்களத்தான் கூப்பிடுதாவ" என்கிறாள். கூப்பிடட்டும், கூப்பிடத்தானே நிற்கிறேன்.

இப்போது தட்டும் சத்தம் நின்றுவிட்டது. மூச்சு இழுப்பது கேட்கிறது.

உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்: ரஞ்சிதம், ஒசக்க எடுக்க வேண்டாம், எந்தச் சுருதியில வந்தாலும் எனக்குச் சம்மதம். இட்லியா, கஞ்சியா? வாயத் திறந்து சொல்லு. சீக்கிரம் சொல்லு, கான்டீன் மூடப் போறான்.